பூரண குணம்

அவருடைய முகம் எனக்கு இப்போது சரியாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. பதினைந்து வருடப் பழக்கத்தில் என் முகமோ என் வீட்டுக்காரர் முகமோ அவருக்கு ஒருநாள்கூட ஞாபகம் இருந்ததில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் நின்றுகொண்டிருப்போம். எதிரே வருவார். நேருக்கு நேர் பார்த்துவிட்டு, மின்கம்பத்தைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போவார். நாலு எட்டு வைத்தபிறகு சந்தேகம் வந்து திரும்பிப் பார்ப்பார். அப்போது என் வீட்டுக்காரரின் முதுகு அவர் கண்ணில் படும்.

"அட, நம்ம இலஞ்சி அண்ணாச்சில்லா! முன்பக்கம் பாத்தா எனக்கு ஒரு ஆளும் பிடிபட மாட்டேங்கு. எப்படி இருக்கிய? அந்த வலது பக்கத்து முடிச்சு எப்படி இருக்கு?"

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுவதுதான் அவருக்குத் தொழில். சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் அந்தப் பாதை ஓரத்தில் ஸ்டூல்கள் வந்துவிடும். இடுப்பில் ஒரு துண்டோடு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து தலையையும் தோளையும் ஒப்புக்கொடுத்துக் கிடப்பார்கள். மற்றவர்கள் தேய்த்து, தட்டி, சொடக்கு எடுத்து அனுப்பிவிடுவார்கள். நம்மவர் அப்படி இல்லை. அவர் வைத்தியம் பார்ப்பார். வந்தவன் குளிக்கத்தான் வந்தான், வைத்தியத்துக்கு வரவில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முதுகில் கை வைத்த உடனே, "ஸ்கூட்டர்ல காலைச் சாய்ச்சு வச்சு ஓட்டுதிய, என்ன?" என்று ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய வாடிக்கைக்காரர்கள், அதாவது இந்த வட்டாரத்துப் பெரிய மனிதர்களில் பாதிப் பேர், சண்டைக்கு வருவார்கள்.

சொந்த மகளுக்கு நிச்சயம் செய்த வீட்டில், மாப்பிள்ளைக்கு மாலை போடாமல் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குப் போட்டவர் அவர். எல்லோரும் சிரித்தபோது கோபித்துக்கொண்டு, "பெண்ணு பாக்க வந்தன்னைக்கு ஒரு தடவையாவது திரும்பி நின்னாரா அவரு? பின்ன எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் அங்கிருந்தவர்களுக்குத் தோன்றியது.

இதெல்லாம் வேடிக்கை. அவரிடம் வேடிக்கை பண்ண முடியாத விஷயம் ஒன்று உண்டு. அவர் கையைக் குறை சொல்லக் கூடாது. "எங் கை பட்டு எழும்பாத கை கெடையாது" என்பதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுவார். வலி குறைந்தது என்று நீங்கள் சொன்னால், "பூரண குணம்" என்று வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி அறிவிப்பார். வலி கூடிவிட்டது என்று சொன்னால், "வெளிய போற நோவு அப்படித்தான் கத்தும். பூரண குணம்" என்பார். அப்படியே இருக்கிறது என்றால் மட்டும் கொஞ்சம் தயங்குவார். "போகலாமா வேண்டாமான்னு யோசிச்சிட்டு இருக்கு. நாளைக்குப் போயிரும்" என்பார். ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே என்று யாராவது வாயெடுத்தால் எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிடுவார். "படம் எடுத்தா எலும்பு தெரியும். நோவு தெரியுமா?"

ஒரு வருடச் சீசனில் என் வீட்டுக்காரருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. நம்மவர் தேய்த்து, "பூரண குணம்" என்று அறிவித்து அனுப்பினார். வீட்டுக்கு வந்து பதினைந்து நாள் மனிதர் தலையைத் திருப்பவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவார். ஆனால் மறு வாரம் ஐந்தருவியில் அவரைப் பார்த்ததும் என்ன செய்தார் தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டிவிட்டு, "நோவு சுத்தமா இல்ல அண்ணாச்சி" என்றார். ஏன் இப்படிப் புளுகுகிறீர்கள் என்று நான் கேட்டேன். "அவர் முகம் வாடிப் போயிருமேட்டி" என்றார். இப்படி முகம் வாடக் கூடாது என்று ஊர் முழுக்கப் புளுகி வைத்திருந்தது.

நான் தென்காசியில் ஒரு கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தேன். சாட்சி சொல்லுவதை நீதிபதி சொல்லச் சொல்ல அடிக்கிற வேலை. எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ பொய்களை எழுத்துப் பிழை இல்லாமல் அடித்திருக்கிறேன். ஒன்றும் மனதில் நிற்கவில்லை. இவர் சொன்ன இரண்டு சொல் மட்டும் நிற்கிறது.

பஜாரில் ஒரு மெடிக்கல் ஸ்டோர் இருந்தது. அதன் உரிமையாளர் ஆறடிக்கு மேல் உயரம், குனிந்துதான் கடைக்குள் போவார். டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் மருந்துகூடத் தரமாட்டார். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, இரண்டு பையன்கள் வந்து வலி மாத்திரை ஒன்றைக் கேட்டார்கள். அதைப் போதைக்காகத் தின்கிற பழக்கம் அப்போது இந்தப் பக்கத்தில் பரவிக் கிடந்தது. சீட்டு எங்கே என்று அவர் கேட்டார். பையன்கள் உள்ளே புகுந்து டப்பாவோடு எடுத்தார்கள். அவர் ஒருவன் சட்டையை எட்டிப் பிடித்தார். ஷட்டரை இழுத்து மூடுகிற இரும்புக் கம்பி சுவரில் சாத்தி இருந்தது. இரண்டு பேரில் ஒருவன் அதை எடுத்து ஓங்கி அவர் உச்சந்தலையில் அடித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. அவருக்குப் பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள் இருந்தாள். வழக்கு நடந்த நாளெல்லாம் அந்தப் பிள்ளை அம்மாவோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தபிறகு யார் மேலும் எனக்கு இரக்கம் வருவதாக இல்லை.

ஒருவன் பைக்கில் தப்பினான். இன்னொருவன் தெருவோடு ஓடினான். அந்தத் தெருவில் அதே கடைக்கு வந்துகொண்டிருந்தவர் நம்மவர். பஞ்சு வாங்க வந்ததாகப் போலீசிடம் சொன்னார். சீசன் முழுக்கத் தேய்த்துத் தேய்த்து அவர் மணிக்கட்டு வீங்கிக் கிடந்ததும், அதற்கு அந்தக் கடையில் ரகசியமாக டியூப் மருந்து வாங்கிப் பூசுவதும் பஜாருக்கே தெரியும். போலீஸுக்கும் தெரியும். பெரிய மனது பண்ணி, பஞ்சு என்றே எழுதிக்கொண்டார்கள்.

"ஓடினவன் முகம் எப்படி இருந்துச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டிருக்கிறார்.

"முகத்த யாரு சார் பாத்தா? சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டிக் கெடந்துச்சு. அந்த முதுகு போன வருசம் ஆனி மாசம் என்கிட்ட வந்த முதுகு. வலது தோள் எறங்குன கேசு."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். ஆனால் நாலே நாளில், ஆலங்குளம் பக்கத்திலிருந்து லாரிகளில் லோடு இறக்க வருகிற ஒரு பையனைப் பிடித்தார்கள். இருபத்திரண்டு வயது. ஒரு வருடத்துக்கு முன் மூட்டை சரிந்து வலது தோள் நழுவினவன். மறுநாள் பைக்கில் தப்பினவனும் கிடைத்தான்.

ஜெயிலில் அடையாள அணிவகுப்பு நடந்தது. ஒரே மாதிரி உடம்புள்ள பத்துப் பேரை நிறுத்தி, மாஜிஸ்திரேட் முன்னால் சாட்சி ஆளைத் தொட்டுக் காட்ட வேண்டும். நம்மவர் ராணுவத் தளபதி மாதிரி வரிசையின் முன்னால் ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நடந்து போனார். கடைசி ஆளைத் தாண்டி, சுற்றிப் பின்பக்கம் போனார். "எல்லாரும் சட்டையைக் கழட்டுங்க" என்றார். மாஜிஸ்திரேட் யோசித்துவிட்டுக் கழற்றச் சொன்னார். ஏழாவது ஆள் முதுகில் ஒரே ஒரு விரலை வைத்து, "இவந்தான்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். மூன்றாவது ஆளைக் காட்டி, "இவனுக்கு மூத்திரக் கல்லு இருக்கு, தண்ணி நெறையக் குடிக்கச் சொல்லுங்க" என்றும் சொல்லிவிட்டு வந்தார்.

பைக்கில் தப்பினவனின் குடும்பத்துக்கு விவரம் உண்டு. அவன் அப்ரூவராகிவிட்டான். அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு, மன்னிப்பு வாங்கி, சர்க்கார் பக்கத்துச் சாட்சியாக மாறிவிட்டான். "கம்பியால அடிச்சது அவந்தான், நான் தடுத்தேன்" என்றான். லோடு இறக்குகிற பையனுக்கு விவரம் சொல்ல யாரும் இல்லை. இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீலைக் கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான், வாதாடுவதில் ஆசை அதிகம். தான் கடைசியாகக் கேட்கிற கேள்வி கைதட்டலோடு முடிய வேண்டும் அவருக்கு.

நம்மவர் கூண்டில் ஏறிய அன்று கோர்ட்டில் உட்கார இடம் இல்லை. முதுகை வைத்து ஆளைச் சொல்ல முடியுமா என்று வக்கீல் ஏளனம் செய்தார். முடியும் என்றார் இவர். வக்கீல் ஜூனியர் வக்கீல்கள் ஐந்து பேரைத் திருப்பி நிற்க வைத்தார். "கோட்டு போட்டிருந்தாலும் பரவால்ல" என்று சொல்லிவிட்டு, நம்மவர் ஐந்தில் மூன்று பேர் எந்த வருடம் எண்ணெய் தேய்க்க வந்தார்கள், எந்த ஊர்க்காரர்களோடு வந்தார்கள் என்று வரிசையாகச் சொன்னார். நாலாவது ஆளைத் தனக்குத் தெரியாது என்றார். அவர் குற்றாலத்துக்கே வந்ததில்லையாம். ஐந்தாவது முதுகைப் பார்த்து, "இது ஆம்பள இல்லயே" என்றார். அது கிராப் வெட்டிய ஒரு ஜூனியர் பெண்.

நீதிபதியே வாயை மூடிச் சிரித்தார். அந்தத் தைரியத்தில் நம்மவர், "ஐயாவுக்கு எடது இடுப்புப் பிடிச்சிருக்கு. உக்காந்திருக்கதுலயே தெரியுது. ஒரு நாள் வாங்க" என்றார். நான் பழக்க தோஷத்தில் அதையும் அடித்துவிட்டேன். "அம்மா, அது வேண்டாம்" என்று நீதிபதி சொன்னபிறகு எடுத்தேன்.

வக்கீலுக்கு முகம் கறுத்துவிட்டது. ஆனால் அவர் கையில் உருப்படியான விஷயம் ஒன்று இருந்தது. அந்தப் பையனால் வலது கையைக் காதுக்கு மேல் தூக்கவே முடியாது. இடது கையால் ஒரு செம்பைக்கூடச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவன். ஆறடி ஆள் உச்சந்தலையில் அந்த நீளக் கம்பியை அவன் எப்படி ஓங்கி அடித்திருக்க முடியும்? இதுதான் கேள்வி. டாக்டரிடம் அனுப்பிப் படம் எடுக்க ஒரு மனுப் போட்டிருந்தால் முடிந்திருக்கும். வக்கீல் அதைச் சாட்சி வாயாலேயே வரவழைத்துக் கைதட்டல் வாங்க நினைத்தார்.

"கை தூக்க முடியவில்லை என்றுதானே அவன் உங்களிடம் வந்தான்?"

"ஆமா சார்."

"மூன்று நாள் வரச் சொன்னீர்கள். ஒரு நாள்தான் வந்தான்."

"ஆமா."

"ஆக, குணமாகவில்லை. சரிதானே?"

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். நம்மவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். பின் பெஞ்சில் ஐந்தருவி எண்ணெய்க்காரர்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் பார்வை அங்கே ஒரு தடவை போய்விட்டு வந்தது.

"என்ன பேச்சு பேசுதிய? எங் கை பட்டு எழும்பாத கை கெடையாது. மூணு நாளு மத்தவங்களுக்கு. எனக்கு ஒரு நாள் போதும். அன்னைக்கே கையைத் தலைக்கு மேல தூக்கிக் கும்பிட்டுட்டுல்லா போனான்!"

"குணமாகிவிட்டது என்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"பூரண குணம்யா."

அதை அடித்தேன். படித்துக் காட்டினேன். சரி என்று கையெழுத்துப் போட்டார். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். குற்றவாளிக் கூண்டில் இருந்த பையன் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை.

தீர்ப்பு நாள் காலையில் எங்கள் ஆபீஸ் உதவியாளரிடம் பஜாருக்குப் போய் மைப் பேனா ஒன்று வாங்கி வரச் சொன்னார்கள். மரண தண்டனையில் கையெழுத்துப் போட்டால் நீதிபதிகள் அந்தப் பேனாவின் நிப்பை உடைத்துவிடுவது வழக்கம். எங்கள் நீதிபதி எழுதுவது பால்பாயிண்ட் பேனாவில். அதில் உடைக்க ஒன்றும் இல்லை. அதனால் பையனுக்குத் தெரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. உதவியாளர் வாங்கி வந்த பேனா எழுதுகிறதா என்று என் மேஜையில் வைத்துக் கிறுக்கிப் பார்த்தார்.

தீர்ப்பில் நம்மவர் சொன்னதும் ஒரு இடத்தில் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் வலது தோள் சம்பவத்துக்கு முன்பே பூரண குணமடைந்திருந்தது என்பது நான்காவது சாட்சியின் வாக்குமூலத்தால் தெளிவாகிறது. இதையும் நான்தான் அடித்தேன்.

தூக்கு என்று யாரோ ஐந்தருவியில் அவரிடம் போய்ச் சொன்னபோது, "நான் முதுகைத்தானே காட்டிக் கொடுத்தேன், கழுத்தைக் காட்டிக் கொடுக்கலியே" என்றாராம். சிரிக்கச் சிரிக்க இதை ஊரெல்லாம் சொன்னார்கள். அவர் சிரிக்கச் சொல்லவில்லை என்பது எனக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

அன்று நாங்கள் குளிக்கப் போயிருந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விரல் நுனியெல்லாம் பீடி இலை வெட்டிக் கறுத்துப்போன ஒரு அம்மாள் வந்து நின்றாள். பையனின் தாய். அழவில்லை, சத்தம் போடவில்லை.

"அண்ணாச்சி, ஒரு வார்த்தை மாத்திச் சொல்லுங்க. அந்தக் கை எழும்பவே இல்ல. பிடிச்சிட்டுப் போறதுக்கு முன்னால ஒரு வருசமா அவனுக்குத் தலை சீவி விட்டது நாந்தான். நோவு தாங்காமத்தான் அந்த மாத்திரையத் திங்க ஆரம்பிச்சான். ஆஸ்பத்திரிக்கு வாலேன்னு கூப்பிட்டேன். 'பூரண குணம்னு சொல்லிட்டாரும்மா, தானாச் சரியாயிரும்'னு சொல்லிட்டான்."

"யாரைப் பாத்து என்ன சொல்லுத?" என்று கத்தினார் அவர். "எங் கை பட்டு எழும்பாத கை..."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள். நம்மவர் மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். தலைக்குத் தேய்க்க வேண்டியதைக் காதில் தேய்த்தார். என் வீட்டுக்காரர் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார்.

மூன்றாம் நாள் இலஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அம்மா, அந்தப் பேப்பர் ஒங்க கிட்டத்தான இருக்கும்?"

"எந்தப் பேப்பர்?"

"நான் சொன்னது. அதுல அந்தப் 'பூரண'ங்கிறத மட்டும் எடுத்துர முடியுமா? 'குணம்' இருக்கட்டும்."

"முடியாது அண்ணாச்சி."

"'ஓரளவு'ன்னு போட்டுருங்களேன்."

"ஒரு எழுத்தையும் தொட முடியாது. தொட்டா நான் உள்ள போயிருவேன்."

"'முக்காவாசி'?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. "அந்தப் பையன் கை எழும்புச்சா இல்லையா? எனக்கு நேராச் சொல்லுங்க" என்று கேட்டேன்.

அவர் வாழைப்பழத்தைப் படியில் வைத்தார். பிறகு, "மத்தக் கையால பிடிச்சுத் தூக்கினாம்மா. என்னைச் சந்தோசப்படுத்த. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். வரிசையில பத்துப் பேரு நின்னாங்க" என்றார்.

இதை என்னிடம் சொல்லிப் புண்ணியமில்லை, வக்கீலிடம் சொல்லுங்கள் என்றேன். போனார். வக்கீலும் தன் தவறு உறுத்திக்கொண்டிருந்த மனிதர்தான். கையோடு ஹைகோர்ட்டில் மனுப் போட்டார். தூக்கு என்றால் ஹைகோர்ட் ஒப்புக்கொண்டால்தான் நிறைவேற்ற முடியும். அங்கே மனுவைப் பார்த்துவிட்டு, இந்தச் சாட்சியை மறுபடி விசாரித்து அனுப்பு, பையனின் தோளையும் டாக்டர்களிடம் காட்டு என்று எங்கள் கோர்ட்டுக்கே உத்தரவு போட்டார்கள். இதெல்லாம் நடக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

இரண்டாவது தடவை அவர் கூண்டில் ஏறியது சீசன் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது. அன்றும் இடம் இல்லை. ஐந்தருவி எண்ணெய்க்காரர்கள் இந்தத் தடவை பத்துப் பேர் வந்திருந்தார்கள். பழைய நீதிபதி மாற்றலாகிப் போயிருந்தார். வந்திருந்தவர் ஒரு அம்மா. சிரிக்கிற முகம் இல்லை.

வக்கீல் இந்த முறை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பையன் தோள் உங்கள் கையால் குணமானதா?"

"குணமாகல."

பின் பெஞ்சில் முணுமுணுப்பு எழுந்தது. சர்க்கார் வக்கீல் எழுந்தார்.

"போன தடவை சத்தியம் பண்ணிப் பூரண குணம்னு சொன்னீங்க. இன்னைக்கு இல்லைங்கிறீங்க. எது பொய்?"

"அன்னைக்குச் சொன்னது."

"பொய்ச் சாட்சி சொன்னா ஜெயில்னு தெரியுமா?"

"தெரியும் சார். வக்கீல் சொன்னாரு."

"ஏன் பொய் சொன்னீங்க? யாராவது மிரட்டினாங்களா?"

"யாரும் மிரட்டல. எனக்குப் பெருமை சார். என்கிட்ட வந்து எழும்பாமப் போன தோளும் உண்டு, பிடிப்பு விடாத கழுத்தும் உண்டு. அவங்கள்லாம் வாயைத் தொறந்து சொன்னதில்ல. நானும் கேட்டுக்கிட்டதில்ல."

என் வீட்டுக்காரர் கழுத்து அந்த வாக்குமூலத்தில் இருப்பதாக எனக்குப் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடித்தேன்.

சர்க்கார் வக்கீல் விடவில்லை. ஜெயிலில் இருக்கிறவன் கை எழும்பாத மாதிரி நடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்றார். நீதிபதி அம்மா பையனைப் பார்த்து, "வலது கையை எவ்வளவு தூக்க முடியுமோ தூக்குப்பா" என்றார்.

அவன் தூக்கினான். நான் பையனைப் பார்க்கவில்லை, நம்மவரைப் பார்த்தேன். கண் அந்தக் கையை விட்டு அசையவில்லை. உதடு ஏதோ சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக எத்தனை தோளில் கை வைத்து, எழும்பு எழும்பு என்று வேண்டியிருப்பார்! அன்றைக்கு முதல் முறையாகத் தான் தொட்ட ஒரு கை எழும்பிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றார். கை காதுக்குப் பக்கத்தில் வந்து, நடுங்கி, நின்றது. மேலே போகவில்லை. அவர் கூண்டுக் கட்டையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். டாக்டர்கள் எடுத்த படமும் அதையே சொன்னது. தோள் மூட்டு பழைய இடத்துக்குப் போகவே இல்லை, தவறாக ஒட்டிக்கொண்டு விட்டது, இது பல வருடத்துக் கோளாறு என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வருடச் சீசனில் அவர் ஸ்டூல் பெரும்பாலும் காலியாகத்தான் கிடந்தது. பக்கத்து ஸ்டூல்காரன் 'உண்மையான பூரண குணம் இங்கே' என்று ஃபிளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தான். பொய்ச் சாட்சி என்று நடவடிக்கை எடுக்க நீதிபதி அம்மா எழுதவில்லை. அதுவே அவருக்குப் பெரிய ஆறுதல் என்று சொல்லிக்கொண்டார்கள். அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை.

ஆவணி கடைசியில் ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது. அப்ரூவர் சொன்னது நம்பும்படி இல்லை, அடித்தது இந்தப் பையன்தான் என்று நிரூபிக்கப்படவில்லை, கொள்ளைக்கு மட்டும் பத்து வருடம். தூக்கு இல்லை. மெடிக்கல் ஸ்டோர்க்காரரின் மகளை நினைத்தபோது எனக்கு முழுச் சந்தோஷமும் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவள் அப்பாவை அடித்த கை எது என்று தெரிந்தும் தெரியாமலும் அந்தக் குடும்பம் தென்காசியை விட்டே போய்விட்டது.

நானே ஐந்தருவிக்குப் போய் அவரிடம் சொன்னேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு மதுரைக்காரருக்குத் தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. எண்ணெய் அந்த ஆள் முதுகில் ஒழுகியது.

"தூக்கு இல்லையாம்மா?"

"இல்ல அண்ணாச்சி. பத்து வருசம். நாலு கழிஞ்சிட்டு."

ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"வெளிய வந்ததும் அவனை என்கிட்ட அனுப்பச் சொல்லி அவங்கம்மாட்டச் சொல்லுங்க."

இந்த மனிதருக்கு இன்னுமா புத்தி வரவில்லை என்று நினைத்து, "எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நான் தொட மாட்டேம்மா, பயப்படாதிய. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போவேன். அவங்க படம் எடுத்து, அறுத்து, என்ன பண்ணணுமோ பண்ணட்டும். அவன் கை எழும்புத வரைக்கும் நான் வெளிய பெஞ்சில உக்காந்திருக்கேன்."